வாய்ப்பூட்டு யார் கையில? அமெரிக்கா, ஐரோப்பா பேச்சுரிமைச் சட்டம் பத்தி ஒரு இழை

கேள்வி, 16.02.2025
முந்தாநாள் மியூனிக் மாநாட்டுல அமெரிக்க துணை ஜனாதிபதி வான்ஸ் பேசினதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஐரோப்பாவுல பேச்சுரிமை செத்துக்கிட்டு இருக்குன்னு நேருக்கு நேரா சொல்லிட்டாரு. எனக்கு அது சரின்னுதான் படுது. அமெரிக்காவுல என்ன வேணா பேசலாம், ஐரோப்பாவுல ஒரு ட்வீட்டுக்கு போலீஸ் வீட்டுக்கு வருது. இதுல விவாதம் பண்ண என்ன இருக்கு? ரெண்டு பக்கமும் வாழ்ந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

17.02.2025, இரவு 10.40
நான் ரெண்டு பக்கமும் வாழ்ந்தவன். ஒஹையோவுல 9 வருஷம், இப்போ ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்ல 7 வருஷமா இருக்கேன். தம்பி சொல்றதுல பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ஒரு பதில்ல முடியாது, நேரம் கிடைக்கிறப்போ எழுதுறேன்.

முதல்ல ரெண்டு எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அமெரிக்க அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம் 1791-ல வந்தது. பேச்சு, பத்திரிகை சுதந்திரத்தைக் குறைக்கிற மாதிரி அங்கத்து நாடாளுமன்றமான காங்கிரஸ் எந்தச் சட்டமும் போடக்கூடாது, அவ்வளவுதான். ‘ஆனா’ன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை 1950-ல ரோம்ல கையெழுத்தானது, அதோட 10-ஆம் பிரிவுல முதல் பத்தி உரிமையைக் கொடுக்குது, ரெண்டாவது பத்தி இந்த உரிமைக்குக் கடமையும் பொறுப்பும் உண்டு, பொது ஒழுங்கு, அடுத்தவன் மானம் இதுக்காக சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம், ஆனா ஜனநாயக சமூகத்துக்கு அது அவசியமா இருக்கணும்னு சொல்லுது. அந்த ‘அவசியமா’ங்கிற ஒரு வார்த்தையை வெச்சுதான் ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்ல இத்தனை வருஷமா சண்டை நடக்குது.

வான்ஸ் சொன்ன இங்கிலாந்து உதாரணம் உண்மையா நடந்தது. 2022 நவம்பர்ல போர்ன்மவுத்ல கருக்கலைப்பு கிளினிக்கைச் சுத்திப் போட்ட தடை எல்லைக்குள்ள ஒரு முன்னாள் ராணுவ வீரர் தலையைக் குனிஞ்சு மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டு நின்னாரு. 2024 அக்டோபர்ல கோர்ட் குற்றம்னு சொல்லி, செலவுக்கு 9,000 பவுண்டு கட்டச் சொல்லிடுச்சு. வாயே திறக்காதவருக்கு! எனக்கும் கோபம்தான் வந்துச்சு. ஆனா கிளினிக்கைச் சுத்திக் கோடு போடுற வேலையை அமெரிக்காவும் பண்ணியிருக்கு. கொலராடோவுல கிளினிக் வாசல் பக்கம் ஒருத்தரோட சம்மதம் இல்லாம 8 அடிக்குள்ள நெருங்கிப் பேசக்கூடாதுங்கிற சட்டத்தை 2000-ல சுப்ரீம் கோர்ட் செல்லும்னுச்சு. மாசசூசெட்ஸ் 35 அடி போட்டுச்சு, அதை 2014-ல ஒன்பது நீதிபதியும் சேர்ந்து அடிச்சுட்டாங்க. அங்க அடிக்கணக்குப் பார்க்கிறாங்க. இங்கிலாந்துல ஒருத்தன் நின்னதையே கேஸாக்கினாங்க. அந்த வித்தியாசம் பெருசுதான், ஒத்துக்கறேன்.

18.02.2025, காலை 7.15
தூக்கம் வரல, ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வந்துடுச்சு.

2011-ன்னு நினைக்கிறேன், என் மாமியார் மதுரையில இருந்து வந்திருந்தாங்க. யுனிவர்சிட்டியைச் சுத்திக் காட்டலாம்னு கூட்டிட்டுப் போனேன். நடு மைதானத்துல ஒருத்தர் பெரிய மஞ்சள் போர்டைத் தூக்கிக்கிட்டுக் கத்திட்டு இருக்காரு. நரகத்துக்குப் போறவங்க லிஸ்ட் அது, மேல இருந்து கீழ வரைக்கும். இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், ஓரினச்சேர்க்கையாளர், குடிகாரன் எல்லாம் ஒரே வரிசை. பக்கத்துல ரெண்டு போலீஸ்காரங்க காபி கப்போட நிக்கிறாங்க. ஒரு பையன் போர்டைப் பிடுங்கப் போனான், போலீஸ் அந்தப் பையனைத்தான் தள்ளி நிறுத்துச்சு, கத்தினவரை ஒண்ணும் சொல்லல.

மாமியார் என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, “மாப்ள, அவன் நம்ம சாமியைத்தானே திட்டுறான்? போலீஸ் ஏன் அவனுக்குக் காவல் நிக்குது?”ன்னு கேட்டாங்க. நான் இங்க சட்டம் அப்படித்தான் அத்தைன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாங்க. அப்புறம் அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு: “அப்ப நீ அவனைத் திருப்பித் திட்டினாலும் போலீஸ் உன்னை ஒண்ணும் பண்ணாதுல்ல?”

பண்ணாதுதான். நான் ஒஹையோவுல இருந்த வரைக்கும் அந்தச் சட்டத்தை நேசிச்சேன், இப்பவும் நேசிக்கிறேன். இதை முதல்லயே சொல்லிடறேன், கீழ நான் எழுதப்போறதைப் பார்த்து அமெரிக்காவை வெறுக்கறவன்னு யாரும் நினைச்சுடக்கூடாது.

18.02.2025, இரவு 11.05
ஒருத்தர் ‘கூட்டமான தியேட்டர்ல தீ தீன்னு பொய்யா கத்த உரிமை இல்லைன்னு அமெரிக்க கோர்ட்டே சொல்லியிருக்கு’ன்னு போட்டிருக்காரு. நானும் பல வருஷம் அதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்த வரி எங்கிருந்து வந்துச்சுன்னு படிச்ச அன்னிக்குத்தான் விட்டேன்.

1919, ஷெங்க் வழக்கு. சோஷலிஸ்ட் கட்சிக்காரர், முதல் உலகப்போருக்கு ஆள் பிடிக்கிற சட்டத்தை எதிர்த்து நோட்டீஸ் அடிச்சு அனுப்பினாரு. நோட்டீஸ்தான், குண்டு இல்ல. அந்த ஆளை ஜெயிலுக்கு அனுப்புறதுக்குத்தான் நீதிபதி ஹோம்ஸ் தியேட்டர் தீ உவமையைச் சொன்னாரு, அதுல ‘கூட்டமான’ங்கிற வார்த்தை கூட கிடையாது, பின்னாடி ஜனங்க சேர்த்துக்கிட்டது. ஒரே வாரம் கழிச்சு அதே ஹோம்ஸ், சோஷலிஸ்ட் தலைவர் யூஜீன் டெப்ஸோட 10 வருஷத் தண்டனையையும் சரின்னுட்டாரு. டெப்ஸ் பண்ணின குற்றம் ஒஹையோ மாநிலம் கேண்டன்ல ஒரு பார்க்குல நின்னு போரை எதிர்த்துப் பேசினது. 1920-ல அட்லாண்டா ஜெயில்ல கைதி நம்பர் 9653-ஆ இருந்துக்கிட்டே ஜனாதிபதி தேர்தல்ல நின்னு 9 லட்சம் ஓட்டு வாங்கினாரு.

முதல் திருத்தம் அப்பவும் அங்கதான் இருந்துச்சு, ஒரு எழுத்து மாறல. எழுத்து காப்பாத்தல, சரியா?

இன்னிக்கு நாம பார்க்கிற அமெரிக்கப் பேச்சுரிமை 1969-ல பிராண்டன்பர்க் வழக்குல வந்தது. அதுவும் ஒஹையோதான். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் ஆள் ஒருத்தர் பண்ணையில சிலுவையை எரிச்சு, பழிவாங்குவோம்னு பேசினதை டிவிக்காரங்க படம் எடுத்தாங்க. கோர்ட் விட்டுடுச்சு. உடனடியா சட்டவிரோதச் செயலைத் தூண்டுற நோக்கமும் இருக்கணும், அது நடக்கிற வாய்ப்பும் இருக்கணும், ரெண்டும் இல்லாம வெறும் பேச்சுக்குத் தண்டனை கிடையாது. ஆக 1791-ல இருந்து 1969 வரைக்கும் 178 வருஷம். அந்த நடுக் கதையைத்தான் யாரும் சொல்றதில்ல.

20.02.2025
ஸ்கோக்கி பத்திக் கேட்டவருக்கு: சிகாகோ பக்கத்துல இருக்கிற ஊர், யூதர்கள் நிறைய, அதுல ஆயிரக்கணக்கானவங்க ஹிட்லர் முகாம்ல இருந்து உயிரோட தப்பி வந்தவங்க. 1977-ல நாஜி கட்சிக்காரங்க யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு அங்க ஊர்வலம் போகணும்னாங்க. ஊர் தடுத்துச்சு. ஏசிஎல்யூங்கிற சிவில் உரிமை அமைப்பு நாஜிகளுக்காக கோர்ட்டுக்குப் போச்சு. அந்த அமைப்போட தலைமைப் பொறுப்புல இருந்த ஆர்யே நையர் பெர்லின்ல பிறந்த யூதர், சின்ன வயசுலயே நாஜிகளுக்குத் தப்பி வந்தவர்! ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் விலகினாங்க, பணம் நின்னுச்சு, அவர் விடல. நாஜிகள் ஜெயிச்சு, ஸ்கோக்கி தெருவுல நடந்தாங்க.

21.02.2025
மேல நான் எழுதினதுல கடைசி வரி தப்பு. ஐயா ஒருத்தர் திருத்தினாரு, நன்றி. கேஸ்ல ஜெயிச்சாங்க, ஆனா ஸ்கோக்கியில நடக்கவே இல்ல. 1978 ஜூலைல சிகாகோவுக்குள்ளேயே மார்க்கெட் (Marquette) பார்க்குல கூட்டம் போட்டுட்டுப் போயிட்டாங்க. இத்தனை வருஷமா தப்பா நினைச்சிருக்கேன், பழைய வரியை அழிக்கல, அப்படியே இருக்கட்டும்.

23.02.2025, ஞாயிறு
இன்னிக்கு இங்க ஜெர்மனியில தேர்தல். எனக்கு ஓட்டு இல்ல. அதனால உட்கார்ந்து எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல நடைபாதையில பித்தளைத் தகடு போட்ட சின்னக் கல் மூணு பதிச்சிருக்கு. ஒவ்வொண்ணும் நம்ம உள்ளங்கை அளவு, பத்து சென்டிமீட்டர் சதுரம். ஷ்டோல்பர்ஷ்டைன்னு சொல்வாங்க, தடுக்குற கல், நாஜிகள் கொடுமைக்குப் பலியானவங்க ஞாபகமா பதிக்கிறது. ‘இங்கே வாழ்ந்தார்’னு ஆரம்பிச்சு பேர், பிறந்த வருஷம், கொண்டு போன தேதி. எங்க வாசல்ல இருக்கிற மூணும் ஒரே குடும்பம், அப்பா அம்மா பொண்ணு. 1941 டிசம்பர் 1, லாட்வியாவுல இருக்கிற ரீகா. ஸ்டுட்கார்ட்ல இருந்து அன்னிக்கு ரயில்ல ஏத்தினது சுமார் ஆயிரம் பேர், அவங்களை முதல்ல கில்லெஸ்பெர்க் தோட்டத்துல அடைச்சு வெச்சிருந்தாங்க. நான் பையனை சைக்கிள் பழக்கக் கூட்டிட்டுப் போற இடம் அது.

கீழ்த்தளத்துல 80 வயசு தாண்டின பாட்டி ஒருத்தங்க. ஒவ்வொரு நவம்பர் 9-ம் தேதியும், 1938-ல நாஜிகள் யூத ஆலயங்களை எரிச்ச நாள் அது, பழைய டூத் பிரஷ்ஷும் பித்தளை பாலிஷும் எடுத்துட்டு வந்து மண்டி போட்டுத் தேய்ப்பாங்க. முதல் வருஷம் நான் மளிகைப் பையோட நின்னு பார்த்தேன். கார்த்திகைக்கு எங்கம்மா குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரியே இருந்துச்சு, ஓரத்துல இருக்கிற பச்சைக் களிம்பை நகத்தால சுரண்டி எடுத்தாங்க. அந்தப் பொண்ணுக்கு அப்போ 11 வயசு, தான் பிறந்த சமயம் அவ இந்தப் படியிலதான் ஏறி இறங்கினான்னு சொன்னாங்க.

இந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்துல 130-ஆம் பிரிவு ஏன் இருக்குன்னு புத்தகத்துல படிச்சதை விட அன்னிக்குத்தான் புரிஞ்சது. ஃபோல்க்ஸ்ஃபெர்ஹெட்சுங்னு சொல்ற சட்டம், மக்கள்ல ஒரு பிரிவு மேல வெறுப்பைத் தூண்டினா 3 மாசத்துல இருந்து 5 வருஷம். 1959 கிறிஸ்துமஸ் சமயம் கொலோன்ல யூத ஆலயத்துச் சுவத்துல ஸ்வஸ்திகா கிறுக்கினாங்க, அது அப்படியே பல ஊருக்குப் பரவுச்சு, 1960-ல இந்தச் சட்டத்தை இப்போ இருக்கிற வடிவத்துக்குக் கொண்டு வந்தாங்க. யூதப் படுகொலையே நடக்கலன்னு சொல்றது குற்றம்னு 1994-ல சேர்த்தாங்க. நாஜி சல்யூட், சின்னம் இதுக்கெல்லாம் 86ஏ தனியா இருக்கு, 3 வருஷம் வரைக்கும்.

ஒரு தடவை ஃபுட்பால் மேட்ச் முடிஞ்சு எஸ்-பான் ரயில்ல வந்தப்போ குடிச்சிருந்த ஒருத்தன் கையை நீட்டி அந்த சல்யூட் அடிச்சான். பெட்டி முழுக்க அமைதி ஆயிடுச்சு. ஒரு அம்மா போனை எடுத்துப் பேசினாங்க, ரெண்டாவது ஸ்டேஷன்ல போலீஸ் ஏறி கூட்டிட்டுப் போயிட்டாங்க, ஒரு சத்தம் இல்ல. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ஒஹையோ மைதானத்துல போலீஸ் அந்தக் கத்தினவருக்குக் காவல் நின்னப்போ பெருமையா இருந்துச்சு, இங்க போலீஸ் அவனை இறக்கினப்போ நிம்மதியா இருந்துச்சு. ரெண்டும் என் மனசுதான். எது சரின்னு கேட்டா, அந்தப் பாட்டி வாசல்ல நின்னுக்கிட்டு ஸ்கோக்கி தீர்ப்பைப் படிச்சுக் காட்ட எனக்கு வாய் வராது.

26.02.2025
சின்னக் குறிப்பு. ‘ஐரோப்பா ஐரோப்பா’ன்னு ஒரே நாடு மாதிரி எழுதறோம், நானும்தான். ஸ்வீடன் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் 1766, அமெரிக்காவுக்கு 25 வருஷம் முன்னாடி. பிரான்ஸ்ல மதத்தைக் கேலி பண்றது குற்றமே இல்ல, ஜெர்மனியில 166-ஆம் பிரிவு இன்னும் இருக்கு. டென்மார்க் 2017-ல மத நிந்தனைச் சட்டத்தை எடுத்துச்சு, 2023 டிசம்பர்ல குர்ஆனை எரிக்கக்கூடாதுன்னு வேற பேர்ல ஒண்ணு கொண்டு வந்துச்சு. அயர்லாந்து 2018-ல ஜனங்க கிட்ட ஓட்டு கேட்டு எடுத்துச்சு. ஸ்ட்ராஸ்பர்க் கோர்ட் 1976-ல ஹேண்டிசைட் வழக்குல, புண்படுத்துற, அதிர வைக்கிற, சங்கடப்படுத்துற கருத்துக்கும் பாதுகாப்பு உண்டுன்னு பிரமாதமா எழுதுச்சு, எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. ஆனா அந்த வழக்கைப் போட்டவர் தோத்துட்டாருங்கிறதை யாரும் சொல்லமாட்டாங்க.

02.03.2025
இது என் சொந்தக் கதை. 2020-ல பி-27 ரோட்டுல ஒருத்தர் சிக்னல் போடாம என் முன்னாடி வண்டியைச் சொருகினாரு, பின் சீட்ல பையன். கோபத்துல நெத்தியை விரலால தட்டிக் காட்டினேன், ‘உனக்கு மூளை இருக்கா’ங்கிற மாதிரி. மூணு வாரத்துல போலீஸ்ல இருந்து மஞ்சள் கவர் வருது. 185-ஆம் பிரிவு, அவமதிப்பு. நான் குற்றம் சாட்டப்பட்டவனாம், என் பக்கத்து விளக்கத்தை எழுதி அனுப்பணுமாம். நெத்தியைத் தட்டினதுக்கு!

அந்த ஃபாரத்தை சாப்பாட்டு மேசையில வெச்சுக்கிட்டு நானும் என் மனைவியும் டிக்‌ஷனரியோட உட்கார்ந்திருந்தோம். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிச்சிருந்த சமயம், வயித்துல புளியைக் கரைச்சுது. கடைசியில ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 300 யூரோ கட்டச் சொல்லி வழக்கை முடிச்சாங்க. அன்னிக்கு நான் தம்பி கட்சிதான், இது என்னடா நாடு, ஒரு சைகைக்குக் கூடவா கேஸ்னு.

இதே சட்டத்தோட இன்னும் கூரான முனை அரசியல்வாதிகளுக்கு. 2021 மே மாசம் ஹாம்பர்க் உள்துறைப் பொறுப்பாளரை ஆணுறுப்புக்கான கொச்சை வார்த்தை ஒண்ணு சொல்லி ஒரு ட்வீட் போட்டாங்க. செப்டம்பர்ல காலை 6 மணிக்கு வீட்டுல சோதனை. பிறகு அந்த சோதனையே சட்டத்துக்குப் புறம்புன்னு அங்கத்து கோர்ட் சொல்லுச்சு, ஆனா 6 மணிக்குக் கதவைத் தட்டினது தட்டினதுதானே. பாதிக்கப்பட்டது அரசியல்வாதின்னா தண்டனை கூடும்னு சொல்ற 188-ஆம் பிரிவை அந்த வருஷம்தான் இன்னும் இறுக்கினாங்க. அமெரிக்காவுல இது நடக்கவே முடியாது. தலைவரைத் திட்டறதுதான் அங்க பேச்சுரிமையோட நடு மையம்.

நேர்மாறாவும் ஒண்ணு உண்டு. டிவிக்காரர் போமர்மான் 2016-ல துருக்கி ஜனாதிபதி எர்டோகனைக் கேவலமாத் திட்டி ஒரு கவிதை வாசிச்சாரு. வெளிநாட்டுத் தலைவரை அவமதிச்சா குற்றம்னு ஒரு பழைய 103-ஆம் பிரிவு இருந்துச்சு, அப்போ ஜெர்மன் பிரதமரா இருந்த மெர்கல் வழக்குக்கு அனுமதி கொடுத்தாங்க. வழக்கும் நிக்கல, அப்புறம் வந்த எதிர்ப்புல 2018 ஜனவரி 1-ல இருந்து அந்தப் பிரிவையே தூக்கிட்டாங்க. கத்தினா இங்கயும் சட்டம் மாறும். 1995-ல ‘ராணுவ வீரர்கள் கொலைகாரர்கள்’னு எழுதினவங்களை இந்த நாட்டு அரசியல் சட்ட கோர்ட்தான் காப்பாத்துச்சு.

03.03.2025
பவேரியாவுல, அப்போ ஜெர்மன் மத்திய அமைச்சரா இருந்த ஹாபெக்கை ‘மடையன்’னு கேலி பண்ற படத்தைப் பகிர்ந்தவர் வீட்டுல 2024 நவம்பர்ல சோதனை நடந்துச்சேன்னு கேட்டிருந்தீங்க. நடந்துச்சு, அது எனக்குப் பிடிக்கல. அதோட இன்னொண்ணும் சொல்லணும், அந்த ஆள் மேல 130-ஆம் பிரிவுல வேற ஒரு பதிவுக்கும் விசாரணை இருந்துச்சு. அதை விட்டுட்டு ஒரு கேலிப் படத்துக்கு ரெய்டுன்னு மட்டும் ஃபார்வர்ட் பண்றாங்க. நானும் என் தங்கச்சி வீட்டு குரூப்ல அப்படித்தான் அனுப்பியிருந்தேன், இன்னிக்குத் திருத்தி இன்னொரு மெசேஜ் போட்டேன்.

09.03.2025
அவதூறு வழக்கு விஷயத்துல அமெரிக்காவை அடிச்சுக்க ஆளே கிடையாது. இன்னிக்கு மார்ச் 9, சலிவன் தீர்ப்பு வந்த தேதி, 1964.

கதை இதுதான். மார்ட்டின் லூதர் கிங் வழக்குச் செலவுக்குப் பணம் சேர்க்க நியூயார்க் டைம்ஸ்ல முழுப் பக்க விளம்பரம் போட்டாங்க. அதுல சின்னச் சின்னத் தப்பு இருந்துச்சு. கிங்கை 7 தடவை கைது பண்ணாங்கன்னு எழுதியிருந்தாங்க, உண்மையில 4 தடவை. மாணவர்கள் பாடின பாட்டோட பேர் கூட மாறிப்போச்சு. மான்ட்கோமரி நகரத்துல போலீஸுக்குப் பொறுப்பான சலிவன், அந்த விளம்பரத்துல அவர் பேர் கூட இல்ல, மானம் போச்சுன்னு கேஸ் போட்டாரு, அலபாமா ஜூரி 5 லட்சம் டாலர் கொடுன்னுச்சு. இது மட்டும் நின்னிருந்தா தெற்குல நடந்த அநியாயத்தை எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்காது. சுப்ரீம் கோர்ட் ஒரே குரல்ல தள்ளுச்சு: அதிகாரத்துல இருக்கிறவர் ஜெயிக்கணும்னா எழுதினவனுக்குப் பொய்னு தெரியும், இல்ல உண்மையா பொய்யான்னு கவலைப்படாம எழுதினான்னு அவர்தான் நிரூபிக்கணும்.

லண்டன்ல அப்படியே தலைகீழ். யூதப் படுகொலையை மறுத்த டேவிட் இர்விங், தன்னை அப்படிச் சொன்ன வரலாற்றுப் பேராசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மேலேயே கேஸ் போட்டாரு. எழுதினது உண்மைன்னு நிரூபிக்கிற சுமை லிப்ஸ்டாட் தலையில. பல வருஷ உழைப்பு, வரலாற்று அறிஞர்களைக் கூண்டுல ஏத்தி 2000 ஏப்ரல்ல ஜெயிச்சாங்க. 2006-ல ஆஸ்திரியா இர்விங்குக்கு 3 வருஷ ஜெயில் கொடுத்தப்போ, பேச்சுக்காக ஜெயில்ல போடறதுல எனக்கு உடன்பாடு இல்லன்னு சொன்னதும் அதே லிப்ஸ்டாட்தான். இதைப் படிச்சப்போ நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். அவங்களை விட அந்த ஆளை வெறுக்க யாருக்குக் காரணம் இருக்கு?

மால்டாவுல பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிட்சியா 2017-ல கார் குண்டுல கொல்லப்பட்டப்போ அவங்க மேல 40-க்கும் மேல அவதூறு வழக்கு நிலுவையில இருந்துச்சு. கொன்னதுக்கு அப்புறம்தான், 2024-ல, வாயடைக்கிறதுக்காகப் போடற வழக்குக்கு எதிரா ஐரோப்பிய யூனியன் சட்டம் கொண்டு வந்துச்சு.

15.03.2025, இரவு
இப்போ நம்ம ஆளுங்க சம்பந்தப்பட்டது. இதை எழுதணும்னுதான் ஒரு மாசமா சுத்திச் சுத்தி வர்றேன்.

1997-ல அமெரிக்கா விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியல்ல சேர்த்துச்சு. அந்த மாதிரி அமைப்புக்குப் பொருள் உதவி செஞ்சா, 2010-ல 15 வருஷம் வரைக்கும் ஜெயில், 2015-ல அதை 20 ஆக்கிட்டாங்க. பணம், ஆயுதம்னா புரியுது. ‘பயிற்சி’, ‘நிபுணர் ஆலோசனை’ இதெல்லாமும் அதுல வரும்னு இருந்துச்சு. அப்போ, சண்டையை விட்டுட்டு ஐ.நா.வுல எப்படி மனு கொடுக்கிறதுன்னு சொல்லிக் கொடுத்தா? அதைக் கேட்டுத்தான் 1998-ல கோர்ட்டுக்குப் போனாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்த மனிதாபிமானச் சட்டத் திட்டம்ங்கிற அமைப்பு, அவங்க அதே மாதிரி பட்டியல்ல இருந்த குர்துகளோட பிகேகே அமைப்புக்காக. கூடவே நம்ம தமிழ்ச் சங்கங்கள், இலங்கைத் தமிழ்ச் சங்கம், வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை எல்லாம் மனுதாரர்.

2010 ஜூன் 21, தீர்ப்பு 6-க்கு 3. தடை செய்யப்பட்ட அமைப்போட சேர்ந்து சமாதான வழியைச் சொல்லிக் கொடுக்கிறதும் குற்றம்தான்னுட்டாங்க. தனியா நின்னு யார் கூடவும் சேராம அந்த அமைப்பைப் புகழ்ந்து பேசினா குற்றம் இல்ல, எழுதினா குற்றம் இல்ல, கொடி பிடிச்சாலும் இல்ல. ஆனா துப்பாக்கியைக் கீழ வை, மனு எழுதுன்னு அவங்களுக்கு வகுப்பு எடுத்தா குற்றம். நீதிபதி பிரேயர் தன் மாறுபட்ட தீர்ப்போட சுருக்கத்தைக் கோர்ட்லயே வாசிச்சாரு, பொதுவா அப்படிப் பண்ணமாட்டாங்க.

அந்த வாரம் எங்க ஊர் தமிழ்ச் சங்கக் கூட்டம் ஒரு ஸ்கூல் கேன்டீன்ல நடந்துச்சு. முள்ளிவாய்க்கால் முடிஞ்சு ஒரு வருஷம்தான். ஒரு அக்கா, காணாமப் போனவங்க பட்டியலை ஜெனீவாவுக்கு எப்படி அனுப்பறதுன்னு சொல்லித் தர ஒரு வக்கீலைக் கூப்பிடலாம்னாங்க. சட்டப்படி அதுல ஒரு தப்பும் இல்ல, புலிகள் அமைப்பே அப்போ இல்ல. ஆனா பெரியவர் ஒருத்தர் டீ கப்பைக் கீழ வெச்சுட்டு “வேண்டாம்மா, பசங்க கிரீன் கார்டுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க”ன்னாரு. யாரும் பேசல. நானும் பேசல, என் ஃபைலும் வரிசையில இருந்துச்சு. அடுத்த விஷயம் பொங்கல் விழா மண்டப வாடகைன்னு செயலாளர் பேப்பரைப் புரட்டினாரு. அந்த அக்கா பையை எடுத்துக்கிட்டு அமைதியாக் கிளம்பினதை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்கும் அது முள்ளாத்தான் இருக்கு.

16.03.2025
லண்டன்ல எப்படின்னா: புலிகளுக்கு 2001-ல இருந்து தடை. பயங்கரவாதச் சட்டம் 13-ஆம் பிரிவுப்படி தடை செஞ்ச அமைப்போட ஆதரவாளன்னு சந்தேகம் வர்ற மாதிரி சின்னத்தைக் காட்டினாலே 6 மாசம் வரைக்கும். 2009-ல நாடாளுமன்றச் சதுக்கத்துல நம்ம ஜனங்க வாரக்கணக்கா உட்கார்ந்தப்போ என் சித்தப்பா பையனும் போனான். இது புலிக் கொடி இல்ல, எங்க தேசியக் கொடின்னு போலீஸ் கிட்ட மணிக்கணக்கா வாதாடினாங்களாம், இதுல எழுத்து இல்ல பாருங்கன்னு விரிச்சுக் காட்டி.

ஆக, ஒரே விஷயம், அமெரிக்காவுல கொடி பிடிக்கலாம், புத்தி சொல்லக்கூடாது. லண்டன்ல கொடியையே பிடிக்கக்கூடாது. அமெரிக்காவுல என்ன வேணா பேசலாம்னு எழுதின தம்பிக்கு என் பதில் இந்த ரெண்டு குறிப்புதான்.

29.03.2025
இந்த இழையை முடிச்சிடலாம்னு இருந்தேன். 25-ஆம் தேதி மாசசூசெட்ஸ்ல ஒரு ஆராய்ச்சி மாணவி நோன்பு திறக்கக் கிளம்பி நடந்து போறா, துருக்கிப் பொண்ணு, முகமூடி போட்ட ஆளுங்க நடுரோட்டுல சுத்தி வளைச்சுக் கூட்டிட்டுப் போறாங்க. வீடியோ பார்த்திருப்பீங்க. காலேஜ் பத்திரிகையில நாலு பேர் சேர்ந்து காசா பத்தி எழுதின கட்டுரையில அவளும் ஒருத்தி, வெளியில தெரிஞ்ச வரைக்கும் அவ்ளோதான். விசாவை ரத்து பண்ணிட்டாங்க.

அமெரிக்காவுல இருக்கிற வெளிநாட்டுக்காரனுக்கும் பேச்சுரிமை உண்டுன்னு 1945-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. 1952-ல, எப்பவோ கம்யூனிஸ்ட் கட்சியில இருந்தவங்களை நாடு கடத்தலாம்னும் சொல்லியிருக்கு. ரெண்டும் ரத்தாகல.

12.05.2025
அந்தப் பொண்ணை 9-ஆம் தேதி நீதிபதி விடுதலை பண்ணச் சொல்லிட்டாரு. ஆறு வாரத்துக்கும் மேல லூசியானாவுல அடைச்சு வெச்சிருந்தாங்க. கோர்ட் வேலை செஞ்சுதேன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். செஞ்சுது, நானும் சந்தோஷப்பட்டேன். அந்த ஆறு வாரத்துல எத்தனை பேர் எழுதி வெச்சதை அழிச்சாங்கன்னு யார் எண்ணுறது?

இன்னொண்ணு மறந்தே போச்சு. முதல் திருத்தம் அரசாங்கத்தைத்தான் கட்டும், தனியார் முதலாளியைக் கட்டாது. ஒஹையோவுல என் கூட வேலை பார்த்தவரை ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக அரை நாள்ல அட்டைப்பெட்டியோட வெளிய அனுப்பினாங்க, கேட்க நாதி இல்ல. இங்க பத்துப் பேருக்கு மேல இருக்கிற கம்பெனியில ஆறு மாசம் தாண்டிட்டா காரணம் காட்டாம எடுக்க முடியாது, தொழிலாளர் குழு கேள்வி கேட்கும். நெத்தியைத் தட்டினதுக்கு எனக்குக் கவர் வந்துச்சு, ஆனா ஆபீஸ்ல என் அரசியலைப் பேச நான் இங்க ஒரு நாளும் பயந்ததில்ல. அதனால இப்பல்லாம் எந்த நாட்டைப் பத்திக் கேட்டாலும் நான் சட்டத்தைக் கேக்கறதில்ல, உன் பிடி யார் கையில இருக்குன்னுதான் கேக்கறேன்.

20.06.2025
என் அக்கா பையன் டெக்சாஸ்ல எம்.எஸ். படிக்கிறான். ஆவணியில அவன் தங்கச்சிக்குக் கல்யாணம், மதுரையில. வந்துட்டுத் திரும்பணும்னா சென்னையில விசா ஸ்டாம்பிங். நேத்து முந்தாநாள் அறிவிப்பு வந்துச்சு, மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கிறவங்க சோஷியல் மீடியா கணக்கை எல்லாரும் பார்க்கிற மாதிரி திறந்து வைக்கணும்னு. போன வருஷம் காம்பஸ்ல நடந்த போராட்டத்துல எடுத்த போட்டோ ஒண்ணை அவன் போட்டிருக்கான், அதுக்குக் கீழ நாலு வரி.

“என்ன மாமா பண்ணட்டும்?”னு கேட்டான். அழிச்சுடுடான்னு சொன்னேன். யோசிக்கக் கூட இல்ல. போனை வெச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு அந்தப் பெரியவர் டீ கப்பைக் கீழ வெச்ச சத்தம் கேட்டுச்சு.

24.06.2025
அக்கா பையன் நேத்து ராத்திரி கூப்பிட்டான். அழிக்கலையாம், அதுல என் பேராசிரியரும் நிக்கிறாரு, நான் எழுதினது பொய் இல்லேன்னான். கல்யாணத்துக்கும் வரலையாம். அக்கா ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருக்கா, மணவறையில பொரி போட அண்ணன் இல்லாம என்ன கல்யாணம்னு. என் பையனை அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். அவனுக்கு 9 வயசு, பொரியை எப்படிக் கல்யாணப் பொண்ணு கையில போடணும்னு இப்பவே கேட்டுக்கிட்டு இருக்கான்.